விளக்குக்காரன், நான்காம் பாகம்

சுயம்புலிங்கத்துக்கு இப்போது வேண்டியதெல்லாம் ஒரு நல்ல சாவு. அவனுடையது அல்ல, கேமில் வருகிற விளக்குக்காரனுடையது. கலங்கரை விளக்கத்தின் சுழல் படிக்கட்டில், கையிலிருந்த விளக்கு உருண்டோட, வாயைப் பிளந்துகொண்டு விளக்குக்காரன் மல்லாந்து கிடக்கிற மாதிரி ஒரே ஒரு படம் கிடைத்தால் போதும். அதை வீடியோவின் முகப்பில் ஒட்டி, மேலே மஞ்சள் எழுத்தில் 'இவ்வளவுதானா?' என்று போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையின் மிச்சத்தைத் தூங்கித் தீர்க்கலாம். பேச வேண்டியதை முற்பகலிலேயே பேசி, வெட்டி, ஒட்டி, ஏற்றியாகிவிட்டது. ஐந்து மணிக்கு அது தானாகவே வெளியே போய்விடும். மில்லர்புரத்து மாடி வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து அவன் நடத்துகிற 'சுயம்பு சொல்லுதான்' சேனலைப் பார்க்காமல் தமிழில் எவனும் ஒரு வீடியோ கேமுக்குக் கையை நீட்டுவதில்லை என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு, அது பெரிய பொய்யும் இல்லை. அவன் தேறாது என்று சொன்னால் அது தேறாது. இன்றைக்கு அப்படித்தான் சொல்லியிருந்தான். சொல்லாமல் என்ன செய்வது? இட்லி தின்றுவிட்டு ஆரம்பித்த கேம் சோறு வேகுமுன் முடிந்துவிட்டது. ஒரு கலங்கரை விளக்கம், ஒரு படிக்கட்டு, சன்னலுக்கு வெளியே அலை. ஏறு, ஏறு, எண்ணெய் தீர்ந்தால் சாவு, அலை அடித்தால் சாவு, மறுபடி அடியிலிருந்து ஏறு, உச்சிக்குப் போய் பெரிய விளக்கை ஏற்று, அவ்வளவுதான், செய்தவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. முதல் பெயர் அந்தோணி ரீகன் பர்னாந்து. அதைப் பார்த்ததும் சுயம்புவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

கன்ட்ரோலரை எடுத்து மறுபடி ஏற ஆரம்பித்தான். சாவதற்காக ஏறுவது சுகமாகத்தான் இருந்தது, கட்டைவிரலுக்கு வேலை, மனத்துக்கு விடுமுறை. இந்தப் படிக்கட்டில் ஏறுகிற நடையைப் பார், தொப்பை வைத்தவன் ரேஷன் கடைக்குப் போகிற நடை. முதல் பாகத்தில் விளக்குக்காரன் நடந்தால் தரையில் தண்ணீர் கலங்கும், கலங்குகிற சத்தத்தை வைத்தே ஆழம் தெரியும். மூழ்கிப்போன ஊர், தெருத்தெருவாக, கதவு கதவாக. எந்தக் கதவுக்குப் பின்னால் எண்ணெய் இருக்கும் எதற்குப் பின்னால் எமன் இருப்பான் என்று எவனும் சொல்லித்தர மாட்டான். ஒரு முழுக் கோடை விடுமுறை போயிற்று அதை முடிக்க. அவனும் ரீகனும். பனிமய மாதா கோயில் பக்கம் சேவியர் அண்ணன் வைத்திருந்த வீடியோ கேம் கடையில், சீலிங் ஃபேன் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும் அந்த அறையில், ஒரு ஜாய்ஸ்டிக்குக்கு இரண்டு பேர் உட்காரலாம், ஆனால் சண்டை வந்தால் இரண்டு பேரும் வெளியே. அதனால் கடைக்கு ஒரே சட்டம்தான். செத்தால் கை மாத்து. செத்தவன் வாயைத் திறக்காமல் பக்கத்திலிருப்பவனிடம் கொடுத்துவிட வேண்டும், இன்னும் ஒரு தடவை என்று கெஞ்சக் கூடாது, பட்டன் சரியில்லை என்று பழி போடக் கூடாது. 'செத்தேன், இந்தா' என்பான் சுயம்பு. ரீகன் உடனே வாங்க மாட்டான். உப்புக் காற்றடிக்கிற ஊர், உள்ளங்கை எப்போதும் பிசுபிசுக்கும், கையை டவுசரில் இரண்டு தேய்ப்பு தேய்த்துவிட்டுத்தான் வாங்குவான், பிரசாதம் வாங்குகிறவன் மாதிரி. அந்த நேரத்தில் திரை கறுப்பாகக் கிடக்கும். சுயம்புவுக்குப் பொறுக்காது. 'வாங்கித் தொலல' என்று முழங்கையால் இடிப்பான். அந்த ரீகன்தான் இன்றைக்கு இந்தத் தொப்பைக்காரனைச் செய்து வைத்திருக்கிறான்.

முதல் அலை வந்தது. விளக்குக்காரன் குப்புற விழுந்தான். முகம் தெரியவில்லை, இந்தச் சாவு உதவாது. திரை இருண்டது, கடல் சத்தம் மட்டும், உடனே கட்டைவிரல் பட்டனைத் தட்டியது, விளக்குக்காரன் முழு உடம்போடு அடிப்படியில் நின்றான். இந்த இருட்டுத் தொல்லை வேறு. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு இருட்டு. மெஷின் எல்லாம் எவ்வளவோ வேகமாகிவிட்ட காலத்தில், செத்தவனை எழுப்ப இவனுக்கு இருட்டு வேண்டியிருக்கிறது. சுயம்பு அதை வீடியோவில் விட்டுவைக்கவில்லை. 'செத்தா திரை கறுத்துப் போகும் மக்களே, பயப்படாதீங்க, டிவி நல்லாத்தான் இருக்கு. அது இவங்க சோம்பேறித்தனம். எந்தப் பட்டனையாவது தட்டுங்க, போயிரும். பாக்குற எல்லாரும் தட்டுங்க, வாழ்க்கைல கொஞ்ச நேரம் மிஞ்சும்' என்று சொல்லியிருந்தான், சொல்லிவிட்டுக் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்துமிருந்தான். படிக்கட்டின் அடியில் ஒரு மரக்கதவு இருந்தது, அதையும் விடவில்லை. தள்ளினாலும் திறக்காது, உதைத்தாலும் திறக்காது. கதவைச் செய்தவர்களுக்குக் கதவுக்குப் பின்னால் ஒன்று செய்யக் கை வரவில்லை போல என்று அதற்கும் ஒரு சிரிப்பு. ரசிகர்களுக்கு அந்தக் கதவு ரொம்பப் பிடிக்கும், பத்துப் பேராவது அதை வெட்டி வெட்டிப் பரப்புவார்கள் என்று நினைத்தபடி இரண்டாம் சுற்றைத் தாண்டி ஏறினான்.

இரண்டாம் பாகத்தில் படகு வந்தது. படகு வந்ததும் ஊரெல்லாம் அதைப் புகழ்ந்தது, சுயம்புவும் புகழ்ந்தான், ஆனால் படகு வந்தபோதே அது கெட ஆரம்பித்துவிட்டது என்று இப்போது தோன்றியது. காலால் போன இடத்துக்குப் படகில் போனால் பயம் எங்கிருந்து வரும்? ஆனாலும் அதற்கு மூன்று முடிவுகள் இருந்தன, மூன்றாவதை ரீகன்தான் கண்டுபிடித்தான். அப்போது இருவரும் பாலிடெக்னிக், சேவியர் அண்ணன் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டிருந்தார், ரீகன் வீட்டில் வாங்கிய பழைய கேம் பெட்டியில்தான் ஆடுவது. மூன்றாம் பாகம் வந்தபோது ரீகன் சென்னையில், இவன் இங்கே, தனித்தனியாக ஆடினார்கள். மூன்றாம் பாகம் என்றாலே சுயம்புவுக்கு ஆகாது. விளக்குக்காரனை மீன் பிடிக்க வைத்து, சமைக்க வைத்து, தாடி வளர்க்க வைத்து, எவளோ ஒரு கிழவியின் ஆட்டைத் தேட வைத்து, கடைசியில் அவன் எதற்காக விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான் என்பதே அவனுக்கு மறந்துபோகும்படி அடித்தார்கள். அதை முடித்த இரவு சுயம்பு போன் செய்து, 'ஏல, இது கேமா, ஜோலியா?' என்று கேட்டான். ரீகன் சிரித்தான். 'நம்ம கையில குடுத்தா சின்னதாச் செய்யணும்ல' என்றான். எல்லோரும் சொல்வதுதான், சினிமா பார்த்துவிட்டு வெளியே வருகிறவனெல்லாம் சொல்வது. ஆனால் அதன் முதலாளிகள், கடலுக்கு அப்பால் இருந்தவர்கள், மூன்றாம் பாகத்தோடு அலுத்துப்போய் விளக்குக்காரனைக் கைகழுவியபோது, சென்னையில் ஒரு சின்ன ஆபீஸ் அவனை வாங்கிக்கொண்டது. அந்த ஆபீஸில் நான்காம் பாகத்துக்குத் தலைமை ரீகன். உலகத்தில் எத்தனை பேர் இருக்க, விளக்குக்காரன் போய்ச் சேர்ந்தது ரீகன் கையில். கேள்விப்பட்ட அன்று சுயம்பு வாழ்த்துச் சொன்னான், இனிப்பு எங்கே என்று கேட்டான், போனை வைத்துவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரீகனுக்குத் திறமை இல்லாமல் போய்விடுமோ என்று பயந்ததாகத்தான் இத்தனை நாளும் தனக்குத் தானே சொல்லி வந்தான். நண்பன் கவிழ்ந்துவிடக் கூடாதே என்கிற கவலை, பெரிய மனது. அது பொய். திறமை இருந்துவிடுமோ என்பதுதான் பயம். இன்றைக்குக் காலையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தபோது நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்ததே, அது ஏமாற்றம் இல்லை, நிம்மதி. அப்பாடா, இவனும் நம்மைப்போல்தான். அந்த நிம்மதியோடுதான் மைக்கைத் திருகிப் பேச உட்கார்ந்தான், அதனால்தான் அத்தனை சரளமாகப் பேச்சு வந்தது. ரீகன் மூன்று நாளைக்கு முன் கேமை அனுப்பி ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். 'ஏல, அவசரப்படாம ஆடு.' கெஞ்சல். குட்டியாகச் செய்துவிட்டு அதை மெதுவாக ஆடு என்றால் என்ன அர்த்தம், ஒரு கிண்ணம் பாயசத்தை நாள் முழுக்க நக்கு என்று அர்த்தம். நட்புக்காகச் சலுகை கேட்கிறான். சலுகை காட்டினால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? சுயம்பு சேக்காளிக்கு ஜால்ரா அடிக்கான் என்று சொல்லாதா? அதனால் மற்றவர்களைவிட ஒரு பிடி அதிகமாகவே திட்டியிருந்தான், நேர்மைக்காக. நேர்மை என்ற சொல்லை நினைத்ததும் கட்டைவிரல் வழுக்கியது, விளக்குக்காரன் படியிலிருந்து பக்கவாட்டில் விழுந்து செத்தான், விளக்கு திரைக்கு வெளியே உருண்டுவிட்டது. இதுவும் உதவாது. இருட்டு. தட்டு.

"இன்னும் முடியலையா அது?" பொற்கொடி அறை வாசலில் நின்றாள். தபால் ஆபீஸில் வாரம் முழுக்க அடுத்தவர் அவசரத்தைப் பார்க்கிற அவனுடைய மனைவி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எதற்கும் அவசரப்பட மாட்டாள். கையெல்லாம் மாவு.

"முடிஞ்சு எவ்வளவோ நேரமாச்சு. படம் எடுக்கேன்."

"நல்லாருக்கா?"

"இத்துனூண்டு இருக்கு. போன பாகம் எவ்வளவு பெருசு தெரியுமா?"

"போன பாகத்த நீளம் நீளம்னுதான திட்டுனீங்க. ஆட்டத் தேட விடுதான்னு நாலு நாளாப் புலம்புனீங்க."

"அது வேற."

"ரீகன் அண்ணன் என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லணும்? பொறுமையா ஆடணுமாம்."

"ஆடுனீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இவளுக்கு என்ன தெரியும். கேம் என்றால் போனில் பழம் வெட்டுவது என்று நினைத்துக்கொண்டிருப்பவள். பொறுமையாம். பொறுமையாக ஆட அதில் என்ன இருக்கிறது, சுவரில் பாசி இருக்கிறது. பாசி நன்றாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்ளலாம், விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் பச்சை கொஞ்சம் பின்வாங்கியது, முதல் பாகத்துத் தெருச் சுவர்களில் இருந்த அதே பச்சை. காலையில் இதைக் கவனிக்கவில்லை. காலையில் ஓடியே போய்விட்டான், எப்போதும் அப்படித்தான், எல்லோருக்கும் முன்னால் முடித்தாக வேண்டும், முடித்தவன்தான் முதலில் பேச முடியும், முதலில் பேசுகிறவன் பேச்சுதான் நிற்கும். கடைசியாக ஒரு கேமில் சும்மா நின்று சுவரைப் பார்த்தது எப்போது? பக்கத்தில் ஒருவன் இருந்தால் நிற்கலாம், 'ஏல அதப் பாருல' என்று காட்டலாம். தனியாக உட்கார்ந்து பாசியை யாருக்குக் காட்டுவது, கேமராவுக்கா? இந்த நினைப்பு பிடிக்காமல் தலையை உதறினான். சன்னலருகே சரியான இடம் கிடைத்துவிட்டது. இங்கே நின்றால் அலை நேராக நெஞ்சில் அடிக்கும், மல்லாந்துதான் விழுவான், விளக்கும் கண்ணெதிரே கிடக்கும். ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு விளக்குக்காரனை அலைக்கு நேராக நிறுத்தினான்.

"அண்ணாச்சி, தண்ணி." கீழேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, கேன் வந்துருக்கு, போய்த் தூக்கிட்டு வாங்க, நான் மாவு கையோட நிக்கேன்" என்று அடுப்படியிலிருந்து இன்னொரு குரல். கேன் போடுகிறவன் ஒருநாளும் மாடிக்கு ஏறியதில்லை, கீழ்ப்படியில் வைத்துவிட்டுப் பறந்துவிடுவான். அவனையும் மனத்துக்குள் இரண்டு திட்டு திட்டிவிட்டு, கன்ட்ரோலரை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்து போனான். அலை வரட்டும், சாகட்டும், ரெக்கார்டிங் ஓடுகிறது. கேனைத் தோளில் ஏற்றி மாடிப்படியைப் பாதி ஏறும்போதே மூச்சு வாங்கியது. விளக்குக்காரன் நடையைக் கேலி செய்தோமே என்று ஒரு கணம் தோன்றி மறைந்தது. கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, சட்டையில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் குடித்துவிட்டு மெதுவாகத்தான் பின்னறைக்குத் திரும்பினான்.

திரை இருட்டாக இல்லை. படிக்கட்டில் விளக்குக்காரன் அவன் ஆசைப்பட்ட மாதிரியே மல்லாந்து கிடந்தான். விளக்கு பக்கத்தில் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அவனுக்கு அருகில், இடதுபக்கம், இன்னொருவன் குந்தியிருந்தான். மெலிந்த உடம்பு, முழங்காலுக்கு மேல் நிற்கிற துணி. காலையில் இந்த ஆள் எங்குமே இல்லை. சுயம்பு வாசலிலேயே நின்றுவிட்டான். அந்த இன்னொருவன் செத்தவனின் கண்களை மூடினான், விளக்கை நோக்கிக் கையை நீட்டினான், நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு உள்ளங்கையைத் துணியில் இரண்டு தேய்ப்பு தேய்த்தான். பிறகு விளக்கை எடுத்தான். எடுத்துக்கொண்டு மேலே ஏறவில்லை. கீழே இறங்கினான், அடிப்படி வரை, மரக்கதவு வரை. கதவு திறந்தது. கதவுக்குப் பின்னால் தண்ணீர் கலங்கியது, விளக்கு வெளிச்சம் படப்படத் தெரு ஒன்று விரிந்தது, கதவு கதவாக, அந்தக் கோடை விடுமுறை முழுக்க அவர்கள் செத்துச் செத்து நடந்த அதே ஊர். அங்கே போய் அவன் நின்றான். நடக்கவில்லை. யாராவது கன்ட்ரோலரைக் கையில் எடுக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தான்.

சுயம்பு போய் நாற்காலியில் கன்ட்ரோலருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான். அந்த இருட்டு மெஷினின் சோம்பேறித்தனம் இல்லை. ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு ஜாய்ஸ்டிக் போகிற நேரம் அது. எதையும் தட்டாமல் சும்மா இருந்தால் போதும், அடுத்தவன் வருவான். தட்டினால் வர மாட்டான், செத்தவனே எழுந்து செத்தவனே ஏறி உச்சியில் போய்த் தனியாக விளக்கேற்றிவிட்டு முடிந்துவிடுவான். காலையிலிருந்து எத்தனை சாவு, ஒவ்வொரு சாவிலும் ரீகன் இருட்டுக்குள் கையைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறான், ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் அவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. மூன்று பாகத்திலும் ஒருவனும் யோசிக்காத ஒன்று. படகு இல்லாமல், தாடி இல்லாமல், ஆடு இல்லாமல். இத்துனூண்டு என்று சொன்னதெல்லாம் வாசற்படி, வீடு கதவுக்குப் பின்னால் இருக்கிறது. சுயம்புவுக்குத் தன்மேல் வந்த அருவருப்பு இதுவரை எந்தக் கேமின்மேலும் வந்ததில்லை. ரசனை, நேர்மை, சேனல், கண்ணடிப்பு. தெரு அழகாக இருந்தது, அவனுக்கு அழுகை வந்தது. பெயர்கள் ஓடிய அந்த எழுத்துரு மட்டும் சகிக்கவில்லை, அதை இப்போதும் சொல்லத்தான் வேண்டும் என்று ஒரு மூலையில் புத்தி ஓடியது, ஓடியதற்காகவும் வெட்கப்பட்டான். பாக்குற எல்லாரும் தட்டுங்க. அந்த வரி நினைவுக்கு வந்ததும் எழுந்து போனைத் தேடினான்.

அடுப்படியில் குக்கர் மேல் போன் கிடந்தது. ஐந்து தாண்டிவிட்டிருந்தது. வீடியோ வெளியே போய்விட்டது, படம் மாற்றாமலே, அவன் வாயைப் பிளந்த ஏதோ ஒரு நொடியை அதுவே முகப்பாக எடுத்துப் போட்டிருந்தது. கீழே ஆட்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள். கதவு காமெடி செம அண்ணாச்சி. நீங்க சொன்ன மாதிரியே தட்டித் தட்டித்தான் ஆடிக்கிட்டிருக்கேன் அண்ணே, இதுக்குப் போய் ஒரு பாகமா. தட்டிட்டேன், மிச்சமான நேரத்துல ஒரு தூக்கம் போடப் போறேன். சிரிக்கிற முகங்கள். வீடியோவை அழித்தான். அழித்த பிறகும் வெட்டிப் பரப்பியவர்களிடம் அது இருக்கும், பார்த்தவர்கள் கட்டைவிரலில் அது இருக்கும், அதை அழிக்க அவனால் ஆகாது. "என்னாச்சு?" என்றாள் பொற்கொடி. அவன் பின்னறைக்கு வந்து ரீகனுக்குப் போன் போட்டான். மணி வெகுநேரம் அடித்தது. எடுக்கவே மாட்டான் என்று நினைத்தபோது எடுத்தான்.

"சொல்லு."

"ஏல ரீகன்."

"பாத்தேம்ல வீடியோவ. ஆபீஸே பாத்துச்சு."

"எடுத்துட்டேன் மக்கா."

"சரி."

ஆபீஸ் சத்தம் எதுவும் அந்தப் பக்கம் இல்லை. ரீகன் எங்கோ தனியாகப் போய் நின்றுகொண்டுதான் எடுத்திருக்கிறான் என்று தெரிந்தது. மன்னிப்பு என்று ஆரம்பித்தால் அதுவும் இன்னொரு வீடியோ மாதிரிதான் வரும் என்று சுயம்புவுக்குப் பயமாக இருந்தது. திரையில் மெலிந்தவன் தண்ணீரில் நின்றுகொண்டேயிருந்தான், யாரும் தொடாததால் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்து, எண்ணெய் தீர்ந்து, அவனும் மெல்லச் சாய்ந்தான். திரை இருண்டது. கடல் சத்தம் மட்டும். பழக்கதோஷத்தில் கை கன்ட்ரோலரை எடுத்து, கட்டைவிரல் பட்டன்மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

"ரீகன்," என்றான் சுயம்பு, "இப்பதாம்ல செத்தேன்."

"தட்டாம இரு," என்றான் ரீகன். "வருவான்."

சுயம்பு போனையும் கன்ட்ரோலரையும் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, கையிரண்டையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.